கினிப் பன்றியும் மொட்டை மாடியும்

சென்ற மார்கழி மாதம், எங்கள் குழந்தைகள் நலப் பிரிவின் புறநோயாளர் கூடத்திற்கு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மறுபரிசோதனைக்காக வந்திருந்தான். சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய்க்காக ஓராண்டுக்கு மேலாக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வருபவன். இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக அவனது சட்டைக் கையை மேலே மடித்த செவிலியர், முழங்கைக்குக் கீழே நான்கு கீறல்கள் இணைகோடுகளாகக் காய்ந்திருப்பதையும், அவற்றின் அருகே இரண்டு சிறு பற்குறிகள் இருப்பதையும் கண்டார். "சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டேன், சிஸ்டர்" என்றான் சிறுவன். சைக்கிளுக்குப் பல் கிடையாதே என்று செவிலியர் சிரித்துக்கொண்டே சொல்லவும், அவன் கண்கள் கலங்கிவிட்டன.

நடந்தது இதுதான். அவன் வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள் வளர்ந்து வந்தன. மூன்று நாள்களுக்கு முன்பு, காலை வெயில் படட்டும் என்று அவற்றை மொட்டை மாடியில் விட்டுவிட்டு அவன் அருகில் அமர்ந்திருக்கிறான். கைப்பிடிச் சுவரின் மேல் நடந்து வந்த தெருப்பூனை ஒன்று பாய்ந்து ஒன்றைக் கவ்விக்கொண்டது. சிறுவன் வெறுங்கையால் அதன் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறான். பூனை ஓடிவிட்டது. அவனோ கையைக் குழாயில் கழுவிக்கொண்டு, முழுக்கைச் சட்டை அணிந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டான். சொன்னால் பிராணிகளைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சம்.

அவனுக்கு அன்றே ரேபிஸ் தடுப்பூசி தொடங்கப்பட்டது. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தப்பட்டது. அடுத்தடுத்த தவணைகளையும் ஒழுங்காக முடித்துக்கொண்டான். இன்று நலமாக இருக்கிறான். ஆனால் பூனையிடமிருந்து அவன் மீட்ட கினிப் பன்றி பிழைக்கவில்லை. வெளியே பெரிய காயம் இல்லாததால் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லாமல், வீட்டில் மீதமிருந்த குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின் மருந்துநீரில் சில துளிகளை அவன் தந்தை நல்லெண்ணத்துடன் புகட்டியிருக்கிறார். அது குறித்துப் பின்னர் சொல்கிறோம். சிறுவன் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "மிச்சம் இருப்பதை இனிமேல் வெளியே விடவே கூடாதா?"

விடலாம். எப்போது, எங்கே, யார் துணையுடன் என்பதைத் தெரிந்துகொண்டு விடலாம். அச்சிறுவனுக்கும் அவனுடைய பெற்றோருக்கும் நாங்கள் சொன்னவற்றையே, அக்குடும்பத்தாரின் இசைவுடன், அவர்கள் பெயரைக் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறோம். வண்ண மீன் விற்கும் கடைகளிலெல்லாம் இப்போது கினிப் பன்றிகளும் விற்கப்படுகின்றன. நீண்ட நாள் நோயால் பள்ளிக்குச் செல்ல இயலாத பிள்ளைகளுக்கு, ஓடி விளையாட வைக்காத, சத்தமிட்டுக் குரைக்காத துணை என்று பெற்றோர் இவற்றை வாங்கித் தருவதை எங்கள் பிரிவில் அடிக்கடி கேள்விப்படுகிறோம்.

கினிப் பன்றி பன்றி இனமும் அன்று, கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று. கொறிக்கும் பிராணியான இதனை நம்மில் பலர் கினி எலி என்றும் அழைக்கிறோம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இதனை வீட்டில் வளர்க்கத் தொடங்கிவிட்டனர். குளிர்ந்த, உலர்ந்த, புல் அடர்ந்த உயர்நிலம் இதன் மூதாதையரின் இருப்பிடம். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தாமே விளங்கிவிடும்: புல் இதற்கு உணவு மட்டுமன்று, ஒளிவிடமும் ஆகும்; வெப்பம் இதற்குப் பகை.

வெப்பத்தைப் பற்றி முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் ஊரில் வெளியே விடப்படும் கினிப் பன்றிகளுக்குப் பூனையைவிடப் பெரிய எமன் வெயில்தான். இப்பிராணி மனிதரைப் போல வியர்ப்பதில்லை. நாயைப் போல நாக்கை நீட்டி மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வல்லமையும் இதற்கு இல்லை. தடித்த உடலும் அடர்ந்த மயிரும் உள்ள இதற்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. 27, 28 டிகிரியைக் கடந்தால் ஆபத்து தொடங்குகிறது; காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். சென்னையின் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்பது நமக்கே தாங்காதது. அந்நாள்களில் இப்பிராணியை எந்த நேரத்திலும் மாடிக்குக் கொண்டுசெல்லலாகாது. விடியற்காலையிலும் கூட, முந்தைய நாள் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம் அனலைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே கடற்கரை மாவட்டங்களில் வாழ்வோர்க்கு இதற்கான பருவம் குறுகியது. கார்த்திகை மழை ஓய்ந்த பின் மார்கழி, தை, பெரும்பாலும் மாசியின் முற்பகுதி வரை, காலை ஏழு மணி முதல் எட்டரை மணிக்குள். மாலையில் விட விரும்புவோர் தளம் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கொசு வந்துவிடும். உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் வாழ்வோர்க்குப் பகல் நேரமே ஏற்றது. அவர்கள் அஞ்ச வேண்டியது வெயிலுக்கன்று, பனிக்கும் ஈரத்துக்கும். நனைந்த புல்லில் குளிர்காற்றில் நிற்கும் கினிப் பன்றிக்கு நுரையீரல் அழற்சி எளிதில் வரும்.

அறை வெப்பமானி ஒன்று வாங்கி, பிராணியை விடப்போகும் இடத்தில், நிழலில், தரையை ஒட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நம் தலை உயரத்தில் வீசும் காற்று அதன் முதுகுக்கு எட்டுவதில்லை. வெப்பமானி இல்லையெனில் உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பொறுமையாகப் பத்து வரை எண்ணுங்கள். கை சுட்டால் அதன் பாதமும் சுடும். அதன் உள்ளங்கால்களில் மயிர் கிடையாது.

சூட்டுத் தாக்கம் வந்துவிட்டால் அடையாளம் காண்பது கடினமன்று. பிராணி கால்களைப் பரப்பிக்கொண்டு நீட்டிப் படுக்கும், மூச்சு விரைவாகும், வாயோரம் எச்சில் ஒழுகும், காதுகள் சிவந்து சூடாக இருக்கும், தூக்கினால் துவளும். உடனே நிழலுக்கோ மின்விசிறி உள்ள அறைக்கோ கொண்டுசெல்லுங்கள். சாதாரணக் குழாய் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றி எடுங்கள். பனிக்கட்டி வேண்டா; வாளியில் அமிழ்த்தவும் வேண்டா; திடீர்க் குளிர்ச்சி அதிர்ச்சியை உண்டாக்கும். தானாக விழுங்குகிறதென்றால் மட்டும் வாயோரம் சில துளி நீர் விடலாம். பிறகு, தேறியது போலத் தோன்றினாலும், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு தொல்லை இருக்கையில் எதற்காக வெளியே விட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். விடாமலும் வளர்க்கலாம், அதனால் பிராணி செத்துவிடாது. மாடியோ தோட்டமோ பாதுகாப்பாக இல்லாத வீட்டில் விடாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஆனால் சிறு கூட்டுக்குள்ளேயே நாள் முழுதும் அடைந்து கிடப்பது பருத்துப் போகும். நகம் நீண்டு வளையும். பாதத்தில் புண் வரும். காலை ஒளியில் சிறிது நேரம் இருந்தால் அதன் உடலில் வைட்டமின் டி ஊறுகிறது. புதிய புல்லை வேரிலிருந்து தானே கடித்துத் தின்னும்போது, நில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் பற்கள் தேய்ந்து அளவாக நிற்கின்றன. மகிழ்ச்சி மிகுந்தால் இருந்த இடத்திலேயே துள்ளித் துள்ளிக் குதிக்கும். அதனைக் கண்ட பிள்ளை சிரிப்பதைப் பார்த்த பெற்றோர்க்கு இந்தக் கேள்வி எழுவதில்லை.

இனி இடம். தோட்டம் உள்ளவர்கள் பேறு பெற்றவர்கள். நகரத்தில் பெரும்பாலோர்க்கு வாய்ப்பது மொட்டை மாடியே. மாடியில் முதலில் பார்க்க வேண்டியது மழைநீர்க் குழாயின் வாய். கைப்பிடிச் சுவரின் அடியில் உள்ள அந்தத் துளைக்குள் அஞ்சிய கினிப் பன்றி நுழைந்துகொண்டால் வெளியே எடுப்பது அரிது. மறுபுறம் விழுந்தால் பிழைப்பதும் அரிது. முதுகெலும்பு மிக மென்மையானது என்பதால், நாற்காலி உயரத்திலிருந்து கையை விட்டு நழுவி விழுவதே அதற்குப் பேராபத்து. தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மற்றொரு கை பின்பகுதியின் கீழும் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் தரையில் அமர்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளட்டும். மாடிப்படியில் பெரியவர்கள் கூடையில் வைத்து எடுத்துச் செல்லட்டும்.

பினாயில் ஊற்றிக் கழுவிய தளத்தில் அன்று விடக்கூடாது. பூச்சிமருந்து தெளித்த தொட்டிச் செடிகளின் பக்கமும் கூடாது. தெருவில் கொசுப் புகை அடிக்கும் வண்டியின் ஒலி கேட்டால் உடனே உள்ளே எடுத்துவிடுங்கள். வடாமும் வற்றலும் காயும் மாடியில் அவற்றின் உப்பும் காரமும் இதற்கு ஆகாது. வடாம் காயவைத்த பாட்டிக்கும் இது ஆகாது. தீபாவளியை ஒட்டிய ஒரு வாரம் வெளியே விடும் பேச்சே வேண்டா. வெடியொலியில் மிரண்டு உறைந்துபோகும்.

அடைப்பு இல்லாமல் விடலாகாது. நான்கடிக்கு நான்கடி அளவில், பெருவிரல் நுழையாத கண்ணுள்ள கம்பிவலையால் நாற்புறமும் அடைப்பு அமைத்து, மேலேயும் வலையால் மூடுங்கள். மேல்மூடி இல்லாத அடைப்பு அடைப்பே அன்று. காக்கையும் பருந்தும் வல்லூறும் மேலிருந்துதான் வரும். பூனையும் மேலிருந்துதான் குதிக்கும். அடைப்பின் தரைப்பகுதி கம்பியாக இருக்கக் கூடாது, பாதம் புண்ணாகிவிடும். பழைய பருத்திப் போர்வையின் மேல் புல்லைப் பரப்புங்கள். கிராமத்து வீடுகளில் கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரத்தைப் பயன்படுத்தலாமா என்று ஓர் அன்னை கேட்டார். பாரமான கல்லை மேலே வைத்தால் காக்கைக்குப் போதும், நாய்க்குப் போதாது. தோட்டத்திலோ கீரியும் சாரைப்பாம்பும் உடும்பும் தரையோடு வரும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

அடைப்புக்குள் ஒளிவிடம் இரண்டு வேண்டும். கவிழ்த்த அட்டைப் பெட்டியே போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில்கள் வெட்டிவிடுங்கள். ஒரு வாயில் மட்டும் இருந்தால் வலிமையான பிராணி மற்றதை உள்ளேயே மடக்கிவிடும். ஒரு மூலையில் நீர். அடைப்பின் பாதிக்கு மேல் எப்போதும் நிழல். வெயில் நகர நகர நிழலும் நகரும் என்பதை மறந்தவர்கள்தாம் அரை மணி நேரம் கழித்து வந்து துயரப்படுகிறார்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம் போதும். பழகப் பழக ஒரு மணி நேரம் வரை நீட்டலாம். அந்நேரம் முழுதும் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர் பெரியவராகக் கணக்கில் சேர மாட்டார்.

இப்போது அச்சிறுவன் செய்ததற்கு வருவோம். நாயோ பூனையோ உங்கள் பிராணியைக் கவ்விவிட்டால், அதன் வாயில் கையை விட்டுப் பிடுங்காதீர்கள். உரக்கக் குரல் கொடுங்கள், தண்ணீரை வீசுங்கள், துண்டையோ கோணியையோ அதன் மேல் எறியுங்கள், துடைப்பத்தால் தரையில் தட்டுங்கள். பிள்ளைகளுக்கு இதனை முன்கூட்டியே, பலமுறை சொல்லி வையுங்கள். அன்பு மிகுந்த பிள்ளைதான் முதலில் கையை நீட்டும்.

கீறலோ கடியோ பட்டுவிட்டால், அது எவ்வளவு சிறிதாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டா. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றிவிட்ட பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. அறிகுறி தோன்றுமுன் உரிய காலத்தில் தடுப்பூசியைத் தொடங்கினால் ஏறக்குறைய எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். மூன்று நாள் கடந்துவிட்டதே, இனி என்ன என்று வராமல் இருந்துவிடவும் கூடாது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர்க்குத் தடுப்பூசியின் பயன் குறையக்கூடும் என்பதால், சிறு கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் சேர்த்து அளிக்கப்படுவதுண்டு. எனவே என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். கினிப் பன்றியே கடித்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். கூட்டில் வளரும் கினிப் பன்றியிடமிருந்து ரேபிஸ் வரும் என்று பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. கழுவிவிட்டு, தடுப்பு ஊசிகள் குறித்து மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பிராணி அண்மையில் நாயிடமோ பூனையிடமோ கடிபட்டிருந்தால் அதனைக் கட்டாயம் தெரிவியுங்கள்.

பூனையின் பல் ஊசி போன்றது. மேலே புள்ளி போலத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். அதன் வழியே புகும் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் சிறு பிராணியைக் கொன்றுவிடும். ஆகையால் அதையும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் உள்ள மனித மருந்து எதையும் புகட்டலாகாது. குறிப்பாக, பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்றவை நம் பிள்ளைகளுக்கு நன்மை செய்பவை. கினிப் பன்றிக்கோ நஞ்சு. அதன் குடலில் செரிமானத்திற்கு உதவும் நுண்ணுயிர்களை அவை அழித்துவிட, தீய நுண்ணுயிர்கள் பெருகி, கழிச்சல் கண்டு பிராணி இறந்துவிடும். அச்சிறுவனின் தந்தை இதனை எங்களிடமிருந்துதான் அறிந்தார். மகனிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கினார். பூனைக்கடிக்கே அது இறந்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. அதையும் அவரிடம் சொன்னோம்.

நோயாளிகள் உள்ள வீட்டுக்கான செய்திகள் சில தனியே உள்ளன. கீமோ சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்போர் ஆகியோர் கூட்டைத் துப்புரவு செய்யக் கூடாது. அழுக்கடைந்த புல்லையும் புழுக்கையையும் அவர்கள் தொடவே வேண்டா, மற்றொருவர் செய்யட்டும். அதனையும் சமையலறைத் தொட்டியில் செய்யாமல் வெளியே செய்யட்டும். கினிப் பன்றியிடமிருந்து மனிதருக்கு வருவதில் பரவலானது படர்தாமரை. பிராணியின் தோலில் குறி ஏதும் தெரியாமலே அது ஒட்டிக்கொள்ளும். சால்மொனெல்லா கிருமியால் வரும் வயிற்றுப்போக்கும் உண்டு. தொட்ட பிறகு சோப்பிட்டுக் கை கழுவுதல், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாதிருத்தல் ஆகிய இரண்டும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கருவுற்ற தாய்மாரும் கொறிப்பிராணிகளின் கழிவைத் தொடாதிருப்பது நன்று. ஆஸ்துமா உள்ளவர்க்குப் பிராணியின் மயிரைவிட அதன் எச்சில், சிறுநீர், தோல்செதில், உலர்புல்லின் தூசி ஆகியவையே இழுப்பைத் தூண்டும்; அவர்களுக்கு மூடிய அறையைக் காட்டிலும் காற்றோட்டமான மாடி ஏற்றது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ, எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளியோ உள்ள வீட்டுக்குப் புதிதாக இப்பிராணியை வாங்கிவருவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. முன்பே இருப்பதை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. நோய் தெரிந்த அன்றே பிராணியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பிள்ளையை மேலும் துயரத்தில் ஆழ்த்தியவர்களையும் கண்டிருக்கிறோம். அவசரப்படாமல் உங்கள் மருத்துவரைக் கலந்து முடிவெடுங்கள். அவரிடம் கேட்க வெட்கப்பட வேண்டா. இதனினும் விந்தையான கேள்விகளை அவர் கேட்டிருப்பார். மருத்துவமனையில் தங்க நேரும் நாள்களில் பிராணியைப் பால்கனியில் தீவனத்தோடு விட்டுவிட்டு வராதீர்கள். பிற்பகல் வெயில் அங்கே சாயும். உறவினர் வீட்டில், உள்ளறையில் ஒப்படையுங்கள். சாப்பாட்டுக் கூடையில் ஒளித்து வார்டுக்குள் கொண்டுவருவதையும் தவிர்க்க வேண்டுகிறோம். இது கற்பனையன்று; ஒருமுறை நடந்தது. கூடை கீச்சிட்டதால் தெரிந்துபோயிற்று.

புல்வெளியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயில் தணிந்த அதே மாதங்களில்தான் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைபஸ் நம் மாநிலத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது. புதரிலும் உயர்ந்த புல்லிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடியால் வருவது அது. பிராணியோடு பிள்ளையும் புதரோரம் அமர்ந்திருந்து, பத்து நாளில் காய்ச்சல் வந்து, உடலில் எங்கேனும் கருகிய பொருக்குப் போன்ற புண் தெரிந்தால், புல்லில் அமர்ந்த செய்தியை மருத்துவரிடம் சொல்லுங்கள். உரிய மருந்து எளிதில் கிடைக்கிறது. காலம் தாழ்த்தினால்தான் கேடு. மழை நீர் தேங்கிய இடத்தில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சலும் வரக்கூடும். ஆகவே வெட்டிப் பராமரித்த, உலர்ந்த புல்தரையையே தேர்ந்தெடுங்கள். பிள்ளை செருப்பணிந்து, நாற்காலியில் அமரட்டும். ஈரமான நாள்களில் பிராணியின் பின்பகுதியைத் தினமும் பார்க்க வேண்டும். அழுக்கும் சிறுநீரும் படிந்த மயிரில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

புல்தரை கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டா. பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லைக் கட்டோடு வாங்கி, நன்றாக அலசி, நீர் வடித்துப் போடலாம். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. வைக்கோலில் சத்துக் குறைவு, அதை மட்டும் நம்பலாகாது. பழக்கமில்லாத பிராணிக்கு முதல் நாளே வயிறு நிறையப் பச்சைப்புல் கொடுத்தால் வயிறு உப்பும். சிறு கைப்பிடியில் தொடங்குங்கள். இயந்திரத்தால் வெட்டிக் குவித்த புல் விரைவில் புளிக்கும், அது வேண்டா. அரளி, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, குன்றிமணி, கள்ளி ஆகியவை நஞ்சு. தக்காளிச் செடியின் இலையும், உருளைக்கிழங்குச் செடியின் இலையும், வெங்காயத் தாளும் ஆகா. வாசலில் அழகுக்கு வைக்கும் டிஃபன்பாக்கியா தொட்டியையும் எட்ட வையுங்கள்.

இந்த இடத்தில் மருத்துவமனை ஏடு என்ற முறையில் ஒரு சிறு நன்றிக்கடனையும் தீர்த்துக்கொள்கிறோம். 1780-களின் தொடக்கத்தில் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் ஒரு கினிப் பன்றியை வைத்து, உருகிய நீரை அளந்து, மூச்சு விடுதல் என்பது மெல்ல நிகழும் எரிதலே என்று காட்டினர். 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டு சொன்னபோதும் அவருடைய சோதனைகளில் இப்பிராணி இருந்தது. 1907-இல் நார்வே நாட்டின் ஆக்ஸெல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்த கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டனர். மனிதரைப் போலவே இதுவும் தன் உடலில் வைட்டமின் சி-யை உண்டாக்கிக்கொள்ள இயலாதது. அந்தத் தற்செயலான கண்டுபிடிப்பு, பின்னர் வைட்டமின் சி-யை இனங்காண வழிவகுத்தது. இன்று ஆரஞ்சு தின்னுங்கள் என்று நாங்கள் சொல்வதன் பின்னே இந்தப் பிராணியும் நிற்கிறது. அதற்கும் நாள்தோறும் அச்சத்து வேண்டும்: குடைமிளகாய்த் துண்டு, சிறிது கொத்தமல்லித் தழை, எப்போதாவது கொய்யாப்பழத்தின் சிறு கீற்று. கடையில் விற்கும் தானியத் தீவனம் மட்டும் போதாது.

அச்சிறுவனின் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. அவன் தந்தை பழைய கட்டிலின் கால்களையும் கோழிவலையையும் கொண்டு மூடியுள்ள அடைப்பு ஒன்றைச் செய்தார். மழைநீர்க் குழாய் வாய்க்கு வலை அடித்தாயிற்று. பிராணியைத் தூக்கி வைப்பதும் எடுப்பதும் கூட்டைக் கழுவுவதும் அவனுடைய ஆயாவின் வேலை. மருந்தின் அளவு குறையும் வரை அவன் ஆறடி தள்ளி நாற்காலியில் அமர்ந்திருப்பான். தனியாகிவிட்ட கினிப் பன்றிக்குத் துணை தேடுவது பற்றி, சிகிச்சை முடிந்த பிறகு பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை அதனோடு பேசும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறான். கூட்டமாக வாழும் பிராணி தனிமையில் வாடும் என்று அவனுக்குச் சொன்னவர்கள் நாங்களே.

மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம், சிறுநீரில் புரத அளவைக் குறிக்கும் நோட்டுப் புத்தகத்தோடு இன்னொன்றையும் கொண்டுவருகிறான். அதில் தேதி, நேரம், வெப்பநிலை எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. தை மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி இருந்தது: "7.40 மணி. 23 டிகிரி. காக்கை இரண்டு. ஆயா கை தட்டினார். குதித்தது மூன்று முறை. 8.10-க்கு உள்ளே எடுத்தாயிற்று."